காய்ச்சலுக்குப் பிறகு ஓர் ஆட்டம்

கார்சனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பயம் விடாதது அவன் மனைவி ஐலாவுக்குத்தான்.

அவன் ஐஸ் ஹாக்கி உடைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். மாலையில் இறுதி ஆட்டம். அணிக்கு அவனை விட்டால் வேறு கோல்கீப்பர் இல்லை.

"இன்னிக்கி போகாத கார்சன்."

"சளிக்கெல்லாம் பயந்தா இந்த தண்டர் பே ஊர்ல ஒருத்தனும் ஹாக்கி ஆட முடியாது."

"இது சளி இல்ல. பாப்பாவுக்கு டேகேர்லேர்ந்து வந்துச்சே, அதுதான் உனக்கும். என் லேப்ல இருக்கற வைரஸும் அந்தக் குடும்பந்தான்."

ஆய்வுக்கூடத்தில் எலிகளின் இதயச் செல்களில் அந்த வைரஸ் செய்வதை அவள் தினமும் பார்க்கிறாள். செல்லுக்குச் சக்தி கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. அது பழுதானால் செல்லே அதை விழுங்கிச் செரித்துவிடும். வைரஸ் நுழைந்தால் அந்தத் துப்புரவு நின்றுபோகும். பழுதானவை உடைந்து சிந்தும். சிந்தியதைப் பகை என்று எண்ணி உடம்பு தன் மேலேயே பாயும். இதயம் வீங்கும்.

"உனக்கு எலியும் ஒண்ணு, புருஷனும் ஒண்ணு," என்றான்.

"எலி எவ்வளவோ தேவல. நெஞ்சு வலிக்குதா? மறைக்காம சொல்லு."

"இல்லவே இல்ல. போன வருஷமும் இப்படித்தான் எமர்ஜென்சிக்கு இழுத்துட்டுப் போன. கடைசில பாத்தா நான் தின்ன பீட்சாதான் காரணம்."

அவன் சிரித்தபடி காரைக் கிளப்பினான்.

அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஹாக்கி அரங்குக்கு ஓடினாள்.

"டாக்டரம்மா வந்தாச்சு, நாக்க நீட்டுடா கார்சன்," என்றான் உடைமாற்றும் அறை வாசலில் நின்ற மார்ஷல். அணித்தலைவன் அவன். மற்றவர்கள் ஏற்கெனவே பனித்தளத்தில் இறங்கியிருந்தார்கள்.

உள்ளே கார்சன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு காலில்தான் ஸ்கேட் காலணி. இன்னொன்றை மாட்டக் குனிய முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தான். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

"குனிஞ்சா மூச்சு வரல," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து காலைலேர்ந்து. நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வேற யார்கிட்ட சொன்னாலும் ஒண்ணுமில்லம்பாங்க. உங்கிட்ட சொன்னா, அது என்னன்னு உனக்குத் தெரிஞ்சுருமே."

அவள் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது.

"மார்ஷல், ஆம்புலன்ஸ கூப்பிடு."

"கோலுக்கு யாரு..."

"ஆட்டம் கெடக்கட்டும்டா," என்றான் கார்சனே.

மார்ஷல் போனை எடுத்தான். ஐலா ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கு என்ன ஆகும் ஐலா?"

அவள் ஆய்வுக்கூடத்தில் பார்த்த எலிகளின் வீங்கிய இதயங்களை நினைத்தாள்.

"தெரியல. நான் கூடவே வர்றேன்."

அவன் தலையை அவள் தோளில் சாய்த்தான். சட்டையைத் தாண்டி அவன் இதயத் துடிப்பு அவள் நெஞ்சில் முட்டியது. அவள் மூச்சை அடக்கி, அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.