எழுபத்திரண்டாவது மணித்தியாலம்

1994 நவம்பர் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை பின்னேரம் மூண்டு பத்துக்கு, ரொறன்ரோவிலை ஒரு ஆஸ்பத்திரியின்ரை ஐஞ்சாம் மாடியிலை, யோகமலர் நடந்த வழியிலை இருந்த நாலு பூட்டும் கழண்டு நிலத்திலை விழுந்தது. ஆஸ்பத்திரியின்ரை பேர் வேண்டாம். காவலாளி ஒரு பூட்டை எடுத்துத் திருப்பிப் பொருத்திப் பாத்தான். பால்பல்லு மாதிரித் திரும்பவும் விழுந்தது. அண்டைக்கு லேசான குளிர், பஸ்செல்லாம் நேரத்துக்கு ஓடினது.

யோகமலர் மல்வேர்னிலை இருந்தவ. புருசன் குலசிங்கத்தின்ரை அடி தாங்கேலாமல், ஏழு வயது மகள் நிரூபாவைக் கூட்டிக்கொண்டு தனியப் போகப்போறன் எண்டு சொன்னவ. சொன்னதே குற்றமாப் போச்சு. தாய்க்குப் பைத்தியம் எண்டு ஒரு கடுதாசி கிடைச்சால் பிள்ளை தேப்பனோடை நிக்கும் எண்டு கண்டுபிடிச்சவர் குலசிங்கத்தின்ரை தமையன் சண்முகலிங்கம். கோயில் கமிட்டிக்காரர், சனத்துக்கெல்லாம் மொழிபெயர்க்கிற பெரிய மனுசன். கந்தசட்டி விரதத்தின்ரை மூண்டாம் நாள், வெறுந்தண்ணியோடை இருந்த மனுசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூண்டு நாளாச் சாப்பிடேல்லை, சாகத்தான் நிக்கிறா எண்டு டொக்டருக்கு இங்கிலீசிலை சொன்னார். விரதம் எப்ப தொடங்குது எண்டு கோயில் மைக்கிலை அறிவிச்சதும் அதே வாய்தான். வெக்கம் எண்டது மருந்துக்கும் இல்லை. இங்கிலீசு தெரியாத யோகமலர் கழுத்திலை கிடந்த முருகன் படத்தைத் தூக்கிக் காட்டினா. டொக்டர் அதையும் நோய் எண்டே எழுதினார். தன்னைத் தானே அழிக்கக்கூடிய ஆள் எண்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு பத்துக்குக் கையெழுத்து விழுந்து, ஐஞ்சாம் மாடியிலை அடைச்சினம்.

அந்த மாடியைத் துடைக்கிற மன்னார்க்காரி வேரோனிக்காதான் விசயத்தைச் சொன்னவ. “அக்கா, உந்தக் கையெழுத்துக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம்தான். அதுக்கு மேலை உங்களை வைச்சிருக்கிறதெண்டால் வேறை டொக்டர் வந்து பாத்து எழுதவேணும்.” யோகமலர் மணிக்கூட்டைப் பாத்தபடி இருந்தா. ஒருத்தரும் வரேல்லை. வெள்ளிக்கிழமை பாப்பம், எங்கை ஓடப்போறா எண்டு டொக்டர்மார் விட்டிட்டினம். ஒரு தாயின்ரை ரண்டு நாள் அவைக்கு அவ்வளவு மலிவு. பூட்டுகள் விழுந்த கையோடை அவ ஆஸ்பத்திரிச் செருப்போடையே பஸ் ஏறினா. வீட்டிலை குலசிங்கம் போட்டிருந்த கதவுச் சங்கிலியும் விழுந்தது. அவர் வாயைப் பிளந்துகொண்டு நிக்க, நிரூபா சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு வெளியாலை வந்தாள். அடுத்தநாள் காலமை வேரோனிக்கா, மீன் இறைச்சி படாத புதுச்சட்டி வாங்கி, தன்ரை வீட்டிலை விரதம் முடிக்கிற பாறணைச் சோறு சமைச்சுக் குடுத்தா.

அதுக்குப் பிறகு, ஆரையும் அநியாயமா அடைச்சு வைச்ச பூட்டு அவவுக்கு முன்னாலை நிண்டதில்லை. பார்க்டேலிலை மருமகளை அறைக்குள்ளை பூட்டின வீட்டிலையும் நிக்கேல்லை, மார்க்கம் நகரத்திலை தகப்பனைப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போன வீட்டிலையும் நிக்கேல்லை. சனம் போன் எடுக்கும். எந்த பஸ் எண்டு மட்டும் கேட்டுப் போவா.

1997 மாசியிலை ஜூலி எண்ட ஒரு தாய் அழுதுகொண்டு வந்தா. மகன் றொய்சன், பத்தொன்பது வயது, சாகவெண்டு ரண்டு தரம் கயிறு போட்டவன். அதே ஐஞ்சாம் மாடியிலை வைச்சிருந்தினம். “வெளியாலை விடச்சொல்லிக் கத்துறான் அக்கா, ஒருக்கா வந்து நில்லுங்கோ.” யோகமலர் போய் அரைமணித்தியாலம் நிண்டா. பூட்டு அசையேல்லை. கையை வைச்சுப் பாத்தா, அசையேல்லை.

“உது சரியான பூட்டு, ஜூலி. உவனை ரண்டு டொக்டர்மார் வந்து பாத்திருக்கினம்,” எண்டவ, பிறகு சத்தமாச் சொன்னா: “என்னை ஒருத்தரும் பாக்கேல்லை.”

பதினாலாம் நாள் ஒரு நேர்ஸ் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்க, றொய்சன் நடந்து வந்தான். ஜூலி அவன்ரை ஜக்கெற்றைக் கொண்டுவந்திருந்தா.