சுவருக்குள் விட்ட கேபிள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. திருநகரில் எங்கள் வீட்டு இணைய இணைப்பைச் சரிசெய்ய வந்த ஒரு பெண், பெட்டியின் விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்தபோது சொன்னது. அவள் சொல்லி முடிக்குமுன் விளக்கு பச்சையாகிவிட்டது. "எழுதுனா பேரை மாத்திருங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டாள். மாற்றிவிட்டேன்: முனீஸ்வரி. மூன்று வாரமாக இது என்னைத் தூங்கவிட (இல்லை, தூங்கினேன். ஓரிடத்தில் உட்காரத்தான் விடவில்லை.)

2

முதல் தொடக்கம்: "சிம்மக்கல்லில் ஜூன் மாதக் காலை என்பது". இதற்கு மேல் போகவில்லை.

இரண்டாவது தொடக்கம் நாகஜோதியிடமிருந்து. நோட்டுப் புத்தக மொத்தக் கடையில் கணினியில் பில் போடுகிறவள் அவள்.

"அக்கா, இது சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு. தேரே இந்நேரம் நெலைக்கு வந்துரும்."

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். வாசலில் மூன்று லோடு வண்டிகள். முதலாளி விஜய்ஆனந்த், கடைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ்வரிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா முனீஸ்வரி, பில்லுக்குப் பதிலா வண்டிக்காரனுக்கு நான் ஒரு பாட்டுப் பாடி அனுப்பவா?"

"பத்து நிமிசம்ணே."

"இந்தப் பத்து நிமிசத்த திங்கக்கெழமையில இருந்து சொல்ற."

கடையின் கணினிகள் எல்லாம் இணையும் பெட்டியிலிருந்து அவள் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, விளக்குகளைப் பார்த்தாள். புதிய கணினிகள் அமைதியாக இருந்தன. பழைய பதினான்கிலிருந்துதான் நெரிசல். பதினான்கும் ஒரே முகவரியைத் தேடிக்கொண்டிருந்தன. அந்த முகவரியைப் பார்த்ததும் முனீஸ்வரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

3

டொமைன் என்பது, ஓர் அலுவலகத்தின் கணினிகளை எல்லாம் ஒரு குடும்பமாகப் பதிந்து வைத்திருக்கும் ஏற்பாடு. குடும்பத்தலைவர், சர்வர் என்கிற தலைமைக் கணினி. காலையில் ஒவ்வொரு கணினியும் அதனிடம் 'என்னைத் தெரிகிறதா' என்று கேட்டு, 'தெரிகிறது' என்று பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கும்.

பதினான்கும் தேடியது பழைய டொமைனின் சர்வரை; கடை ஒன்றாக இருந்த காலத்து டொமைன் அது. விஜய்ஆனந்தும் அண்ணன் ஹரிராமும் இரண்டு வருடங்களுக்கு முன் பாகம் பிரிந்தார்கள். கடைக்கு நடுவே சுவர் எழுந்தது. மேசை விசிறிவரை பிரித்தார்கள். பழைய சர்வர் அண்ணன் பங்கு. தம்பி புதிது வாங்கினார். தம்பி பக்கத்துக் கணினிகளைப் புதிய டொமைனுக்கு மாற்றிவிட்டு, இரு பக்கத்துக்கும் இனித் தொடர்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது முனீஸ்வரியின் வேலை.

கையெழுத்துப் போட்டாள். பதினான்கை மாற்றவில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவருக்குள் ஒரு கேபிளை விட்டுவைத்தாள்.

(இங்கே அவள் மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. அலுப்பு.)

இரண்டு வருடமாகப் பழைய சர்வர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமை ஹரிராம் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். பதில் இல்லை. பதினான்கும் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

(பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை இதில் யாரும் பார்த்துவிடலாம். நானும் பார்த்தேன், அரைப்பக்கம் எழுதினேன், கிழித்தேன். கணினி யாருக்காகவும் ஏங்குவதில்லை. பயந்தது முனீஸ்வரிதான்.)

4

விஜய்ஆனந்த் திரையை எட்டிப் பார்த்தார். "இம்புட்டும் எங்கேம்மா போகுது?"

"அங்கிட்டு" என்று அவள் சுவரைக் காட்டினாள்.

அவர் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதான பார்த்தேன். எங்கிட்ட சரக்கு வாங்குற பார்ட்டிக பேரெல்லாம் அண்ணனுக்கு எப்படித் தெரியுதுன்னு. சுவத்தத் தொளச்சு ஒயர விட்டுருக்காரு."

"அப்படி இல்லண்ணே, அது..."

"நீ ஏன் பயப்படுற? கண்டுபிடிச்சதே நீதான். ஸ்டேஷன்ல குடுக்க நான் எழுதுறேன். சாட்சின்னு கீழ ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

கடைச் சரக்கிலேயே ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரித்து, நடுத்தாளைக் கிழித்தார்.

இப்போது வாயைத் திறந்தால் அவளுக்கு வேலை போகும். திறக்காவிட்டால், செய்யாத திருட்டுக்கு ஹரிராம் ஸ்டேஷன் படியேறுவார்.

5

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அவளைக் காப்பாற்ற நினைத்தேன். முதலில் ஓர் எலியை விட்டு கேபிளைக் கடிக்கவைத்தேன். கடிபட்ட கேபிளைச் சுவருக்குள் விட்டது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. பிறகு காசிமாயன் என்று ஒருவனை நானே உண்டாக்கிக் கொண்டுவந்தேன். சுவர் எழுந்தபோது அவளோடு அந்தக் கடையில் வேலை பார்த்தவன். கேபிளை விட்டது அவன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பெயர் வைத்ததும் அவன் சும்மா இருக்கவில்லை. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இதே தெருவில் எட்டுக் கடைகளுக்குக் கணினி பார்க்க ஆரம்பித்தான். இந்தப் பழி விழுந்தால் எட்டும் போய்விடும். அவன் பெயரை அடித்தேன். தாளிலிருந்து போனான், கதையிலிருந்து போகவில்லை. இப்போது அவன் பெயர் முனீஸ்வரிக்கும் தெரியும்.

6

முதல் முடிவு: அவள் கையெழுத்துப் போடுகிறாள். இதை வைக்க முடியாது. பேனாவை வாங்கவில்லை என்று அவளே என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது முடிவு: உண்மையைச் சொல்கிறாள், விஜய்ஆனந்த் சிரித்து மன்னித்து, எழுந்து அண்ணன் கடைக்கு (எனக்கே நம்பிக்கை இல்லை.)

ரசீதில் அவள் எண் இருக்கிறது. இரண்டு முறை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் சொல்லிவிடுவாள். அவளுக்காகக் காசிமாயனை அவ்வளவு சுலபமாகக் கொண்டுவந்த நான், அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வேன்?

தெரிந்தவரை சொல்கிறேன். விஜய்ஆனந்த் எழுதி முடித்து, தாளை அவள் பக்கம் திருப்பிவைக்கிறார். மூடி கழற்றிய பேனாவை நீட்டுகிறார். "அக்கா, இன்னும் சுத்துது" என்கிறாள் நாகஜோதி. முனீஸ்வரி கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் விளக்கு பச்சையானது இந்த இடத்தில்தான். இன்னும் ஒரு பெயர் மட்டும் சொல்ல வேண்டும். அவளிடம் இரண்டு இருக்கின்றன, தன்னுடையதும் காசிமாயனுடையதும்; உங்களிடமும்.

"அண்ணே, சுவத்துக்குள்ள அந்த ஒயர விட்டது