மூன்றாம் விதியும் ஒரு 'என்னங்க'வும்

பல் டாக்டர் வீட்டில் 'என்னங்க' என்கிற சொல் காணாமல் போய்ச் சரியாக மூன்று மாதம் ஆகிறது. அவர் மனைவி பேச்சையே நிறுத்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பேசினாள், தாராளமாகவே பேசினாள். "டாக்டர், சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்." "டாக்டர், கேஸ் தீர்ந்துபோச்சு." "டாக்டர், உங்க துண்டு கீழ கிடக்கு." அவளுக்குத் தபால் ஆபீசில் கவுன்டர் வேலை. பார்சல் அனுப்ப வந்த ஆளிடம் பேசுகிற அதே மரியாதையில்தான் வீட்டிலும் பேசினாள். பதினொரு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை 'என்னங்க' கேட்டுப் பழகின காது. மனுஷன் உள்ளுக்குள் வெந்துபோனார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சைக்கிள். சிரிக்கிறீர்களா? சைக்கிள்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

டாக்டர் ஒரு சைக்கிள் கூட்டத்துக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பதினேழு பேர் வளைந்த ஹேண்டில்பாரும் வரிசையாகக் கியரும் வைத்த ரோடு சைக்கிள்களில் கிளம்பிவிடுவார்கள். கூட்டத்துக்கு முதலில் இரண்டே விதிகள்தான். ஒன்று, ஹெல்மெட் கட்டாயம். இரண்டு, யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நல்ல விதிகள், யாருக்கும் வம்பில்லை. மூன்றாவதைத்தான் டாக்டர் கோபத்தில் எழுதித் தொலைத்தார்.

எழுத வைத்தவன் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். டாக்டர் காலேஜ் நாளில் ஓட்டிய பத்து கியர் ரோடு சைக்கிளை, "பத்திரமா வெச்சுக்கோ மாப்ள" என்று அவனுக்குக் கொடுத்திருந்தார். அவன் என்ன செய்தான்? கியர் மொத்தத்தையும் கழற்றினான். பின்சக்கரத்தில் ஒற்றைப் பல்சக்கரத்தை இறுக்கிப் பூட்டினான். போதாக்குறைக்கு, ஃப்ரேமில் கியர் தொங்குகிற காது போன்ற துண்டையும் அறுத்து, ராவி, மொழுமொழுவென்று ஆக்கிவிட்டான். முன் பிரேக் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான்.

இப்படி மாற்றிய சைக்கிளில் என்ன விசேஷம் என்றால், சும்மா இருக்கவே முடியாது. மற்ற சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் அது பாட்டுக்கு ஓடும், காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். இதில் சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், கூடவே காலும் சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க, பெடலைப் பின்னுக்கு அழுத்த வேண்டும்.

ஒரு ஞாயிறு அதை ஓட்டிக்கொண்டு அவன் வந்து நின்றதும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "முட்டி போயிடும்" என்றார் கணக்கு டீச்சர். "எல்லாம் ஸ்டைலுக்குத்தான்" என்றார் பேக்கரிக்காரர். மச்சினன் அசரவில்லை. "இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாது, அத்தான். லிஃப்ட்ல இருபது வருஷமா பாக்கறேன்."

டாக்டருக்கோ அறுத்த காதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருந்த சைக்கிளைக் கெடுத்துட்டியேடா! உயிரோட இருக்கிற பல்லைப் பிடுங்கின மாதிரி இருக்கு!"

"அதைத்தானே அத்தான் நீங்க தினமும் பண்றீங்க?"

பதினைந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "இனிமே இந்தக் கூட்டத்துல உனக்கு இடமில்லை, போ" என்றுவிட்டார். அவன் நேரே அக்கா வீட்டுக்கு வந்து, ஷெட்டில் சைக்கிளைச் சாத்தினான். "இது இங்கயே கிடக்கட்டும். நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டான். அன்று மாலையே 'கியரைக் கழற்றிய ரோடு சைக்கிளுக்கு இங்கே இடமில்லை' என்ற மூன்றாம் விதி, லேமினேஷன் பளபளக்க, கிளினிக் சுவரில் ஏறியது. அன்று இரவு சாப்பிடும்போதுதான் அவர் முதன்முதலாக 'டாக்டர்' ஆனார்.

இனிமேல்தான் கூத்து. ஒரு புதன்கிழமை காலை ஒரு பேஷன்ட் கன்னம் வீங்கி, கிளினிக் வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணினார். ஸ்கூட்டரை மனைவி எடுத்துப் போயிருந்தாள். டாக்டரின் சைக்கிள் சர்வீசில் கிடந்தது. ஷெட்டில் மிச்சம் இருந்தது காது அறுந்த சைக்கிள் மட்டும்தான். சுற்றுமுற்றும் பார்த்து, திருடன் மாதிரி அதைத் தள்ளிக்கொண்டு வந்து, அவசரமாகக் காற்றடித்து ஏறினார்.

தெருமுனைவரை ஒன்றும் ஆகவில்லை. திருப்பத்தில் பழக்கதோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினார் பாருங்கள், பெடல் அவர் காலைப் பிடித்துத் தூக்கி எறியப் பார்த்தது. "ஐயையோ!" என்று ஒரு அலறல். தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து எதிர்த்திசையில் ஓடியது. கால் இரண்டும் இவர் பேச்சைக் கேட்காமல் சைக்கிள் பேச்சைக் கேட்டன. பெட்ரோல் பங்க், பூட்டின பள்ளிக்கூடம், டீக்கடை வாசல் பேப்பர் கட்டு எல்லாம் பின்னால் பறந்தன. கிளினிக் வாசலில் பெடலைப் பின்னுக்கு ஒரு அழுத்து அழுத்தினார். சைக்கிள் குழைந்து, சமர்த்தாக நின்றது. நர்ஸ் ஓடிவந்து, "என்ன டாக்டர், ஏன் சிரிக்கறீங்க?" என்றாள். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். தினமும் மனைவி எழுந்திருக்கும் முன்னே ஷெட்டைத் திறந்துவிடுவார். தன் உயரத்துக்குச் சீட்டை ஏற்றிக்கொண்டார். காற்றடித்தார், எண்ணெய் போட்டார். சக்கரமும் காலும் ஒன்றாகிப் போகிற அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது. ஆனால் யாரிடம் சொல்வது? கிளினிக்கில் உட்கார்ந்தால் எதிரே மூன்றாம் விதி. அதற்குக் கீழேயே அவர் கால் தரையில் மிதித்துக்கொண்டிருக்கும். "காலை ஆட்டாதீங்க டாக்டர், பேஷன்ட் பயப்படறாங்க" என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

இப்படிப் பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. சர்வீசிலிருந்து வந்த தன் சொந்த சைக்கிளில், தலைவர் கம்பீரமாக முன்னால் போனார். மேட்டில் ஏறி, நீண்ட சரிவில் இறங்கினார்கள். எல்லாரும் மிதிப்பதை நிறுத்த, அத்தனை சக்கரமும் 'கிர்ர்ர்' என்று பாடியது. தலைவர் கால் மட்டும் நிற்காமல் சுற்றியது.

"தலைவரே, யாரை விரட்டறீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

சரிவின் அடியில் சிவப்பு விளக்கு. எல்லாரும் பிரேக்கைப் பிடித்தார்கள். டாக்டர் பிடிக்கவில்லை. கம்பீரமாகப் பெடலைப் பின்னுக்கு அழுத்தினார். கியர் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாது. கால் வெறுமனே பின்னால் சுற்ற, சைக்கிள் போன வேகத்திலேயே போனது. இடது பக்கம் மெத்தைக்கடை. கடைக்காரர் அப்போதுதான் மெத்தைகளை வெளியே நிறுத்திக்கொண்டிருந்தார். டாக்டர் முதல் மெத்தையைச் சாய்த்து, இரண்டாவதைக் கட்டிப்பிடித்து, மூன்றாவதன்மேல் மல்லாந்து படுத்தார்.

"சார், படுத்துப் பாக்கலாம்தான்" என்றார் கடைக்காரர். "கேட்டுட்டுப் படுங்க."

ஒரு கீறல் இல்லை. முன்சக்கரம் மட்டும் வளைந்துபோயிற்று. கணக்கு டீச்சர் குனிந்து அவர் முகத்தையே பார்த்தார். "பிரேக் கையில இருக்கு தலைவரே. கால் எதுக்குப் பின்னாடி மிதிச்சுது? இது எந்த சைக்கிள்காரங்க பழக்கம்?"

"ஷூ வழுக்கிடுச்சு" என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காதுவரை சிவந்துவிட்டார். நல்லவேளை, போன் அடித்தது.

"டாக்டர்" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "தம்பி வந்திருக்கான். வேலை செய்யற இடத்துல யாரோ கேட்டாங்களாம், சைக்கிளைக் கொடுத்துடப் போறானாம். அதுவும் போயிட்டா, அப்புறம் எதுக்கு அவன் இந்த வீட்டுக்கு வரப்போறான்?"

டாக்டர் மெத்தையிலிருந்து துள்ளி எழுந்தார். சைக்கிள் போகிறதே என்றா, அவள் அழுகிறாளே என்றா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. வளைந்த சைக்கிளை மெத்தைமேல் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். சைக்கிள் ஷூவின் அடி கட்டை டக் டக் டக் என்று தார் ரோட்டில் அடிக்க, இரண்டு கிலோமீட்டர் ஓடினார். யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இரண்டாம் விதி. அதனால் பதினைந்து பேரும் கல்யாண ஊர்வலம் மாதிரி மெல்ல உருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே மச்சினன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்வை சீட்டின்மேல் இருந்தது.

"அக்கா, சீட்டை யார் ஏத்தினது?"

"என்னைக் கேட்டா? நான் சைக்கிளே ஓட்ட மாட்டேன்."

டயரை அழுத்திப் பார்த்தான். "மூணு மாசமா நின்ன சைக்கிள், காத்து இறங்கவே இல்லையே! செயின்ல புது எண்ணெய் வேற."

எல்லார் பார்வையும் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பியது. 'வாயைத் திறங்க, நல்லாத் திறங்க' என்று ஊருக்கே சொல்கிற மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. தலைவர் பதவி, மானம், லேமினேஷன் எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்து போயின.

"நான்தான்" என்றார். "பன்னெண்டு நாளா... தினமும் காலையில..."

"அதானே பாத்தேன்!" என்று கணக்கு டீச்சர் கைதட்டினார். சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மச்சினன் சிரிக்கவில்லை, அக்காவும் சிரிக்கவில்லை.

"மாப்ள, நான் சொன்னது தப்பு."

"எது அத்தான்? சைக்கிளைப் பத்திச் சொன்னதா?"

"அது பாதித் தப்பு. காதை நீ அறுத்திருக்க வேண்டாம், அதை நான் இப்பவும் சொல்வேன். ஆனா உன்னைப் போன்னு சொன்னேன் பாரு, அது முழுத் தப்பு. நீ இல்லாம உங்கக்கா முகத்தை என்னால பாக்க முடியலடா. சைக்கிளை யாருக்கும் கொடுக்காத. நீயும் எங்கயும் போகாத."

மச்சினனுக்கு உதட்டோரம் மெல்ல இழுத்தது. சைக்கிளை அவர் பக்கம் தள்ளினான். "இவ்வளவு தூரம் சொல்லிட்டீங்க. எங்க, ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

டாக்டர் ஏறினார். அந்தத் தெரு, நடுவில் இருந்த சின்னப் பூங்காவைச் சுற்றி வளைந்து மறுபடி அவர் வீட்டு வாசலுக்கே வரும். முதல் சுற்றில் கூட்டம் கைதட்டியது. இரண்டாம் சுற்றில், "மூணாம் விதி ரத்து!" என்று கத்திக்கொண்டே போனார். "சுவர்ல இருந்து எடுத்துடுங்க!" என்று பேக்கரிக்காரர் பதிலுக்குக் கத்தினார். மூன்றாம் சுற்றில் வேகம் ஏறிவிட்டது. கால் மின்விசிறி மாதிரி சுற்றியது. மச்சினன் பக்கத்திலேயே ஓடி, "பின்னுக்கு அழுத்துங்க அத்தான்!" என்று பதறினான்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி இரண்டு கையையும் தூக்கினாள்.

"என்னங்க! என்னங்க, பிரேக்கைப் பிடிங்க! விழுந்துடப் போறீங்க, என்னங்க!"

பிரேக் எங்கே இருக்கிறது என்று டாக்டருக்கு நன்றாகவே தெரியும். இன்னொரு சுற்றுப் போனார்.