காற்றில் ஓடிய கோடு

பள்ளியின் மாடியில், சுருட்டிய வரைபடங்களை அடுக்கி வைத்திருந்த சிறிய அறையில்தான் எழுத்துப் பரிசோதனை நடந்து வந்தது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, ஒரு மின்பலகையின்மேல் விரித்த தாளில் நான்கு வரி எழுதுவர். பேனா எவ்வளவு அழுந்துகிறது, எங்கே தயங்குகிறது, தாளைத் தொடாமல் காற்றில் எப்படி அலைகிறது என்பதையெல்லாம் அந்தப் பலகை கணினிக்குச் சொல்லிவிடும். திரையில், தாளில் பட்டது கறுப்புக் கோடு. காற்றில் ஓடியது நீலக் கோடு. எழுதத் திணறும் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து தனிப் பயிற்சிக்கு அனுப்புவதே நோக்கம். திணறினால் திரையின் மூலையில் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. மூன்றாண்டுகளாகப் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து அவர்களை எழுத வைத்தவளுக்கு, தன் மகளின் முறை வரும்வரை அதில் ஒரு குறையும் தென்பட்டதில்லை.

மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கை வலிக்கிறதென்று அழுவாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரியும். பரிசோதனையிலோ பச்சை. வகுப்பாசிரியை அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில ஒண்ணும் கோளாறு இல்லையாம். எல்லாம் சோம்பேறித்தனம். இனிமே விளையாட்டு நேரத்துல உக்காந்து எழுதட்டும்."

ஒன்பது நாள் அப்படியே நடந்தது. பட்டாணி வலக்கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கெஞ்சி, மறுபடியும் மகளை உட்கார வைத்தாள்.

"பச்சை வந்துச்சேன்னு வருத்தப்படுற அம்மாவ இப்பத்தான் பாக்குறேன்" என்று அவர் சிரித்தார்.

இம்முறையும் பச்சையே. நான்கு வரியும் கோடு போட்டாற்போல் நின்றன. பட்டாணி தன் விரல்களை ஊராரின் விரல்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் எழுதலம்மா. அதுவா எழுதுது."

பெரியவர் பதிவை மீண்டும் ஓடவிட்டார். ஆளில்லாத பேனாவொன்று திரையில் ஊர்ந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னர் நீலக் கோடு காற்றில் இருமுறை சுழன்று, அதன் பின்னரே இறங்கியது. அவர் சிரிப்பு நின்றது. நாள்தோறும் காலையில் பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தாய்க்காரி எழுதும் சோதனை வரியை எடுத்து, மகளின் கோட்டின்மேல் பொருத்தினார். மயிரிழையும் பிசகவில்லை.

"ஏம்மா, புள்ள கையப் பிடிச்சு எழுத வச்சீங்களா?"

"தொடவே இல்லண்ணே! நீங்கதான் பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

"முகத்துல ஜாடை வரும். கையிலயுமா வரும்?"

"வேற புள்ளையோடத எடுங்க."

எடுத்தார். இரண்டு சுழிகள். அதற்கு முந்தைய பிள்ளை, இரண்டு சுழிகள். சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்று பின்னே போகப் போக, நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் காற்றிலும் அவள் கையே சுழன்றுகொண்டிருந்தது. ஒருவருக்கும் சிவப்பு வரவில்லை.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளைக்குக்கூடக் குறை இல்லன்னு மேலிடத்துல பாராட்டினாங்களே..." என்றார் அவர்.

அவளுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'தடுமாறிடாதே கண்ணு' என்று தான் மனத்துக்குள் மன்றாடியது நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்தாள்.

"நீங்க எழுத வைங்கண்ணே. நான் வெளியில போறேன்."

"அம்மா, போகாதேம்மா!" என்றாள் பட்டாணி.

கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு எதிரே நடைவழியில் கிடந்த பெஞ்சில் அவள் போய் அமர்ந்தாள். சிறிது நேரத்தில் அவளுடைய வலக்கையில் பேனா பிடிக்கும் மூன்று விரல்களும் தாமாகவே குவிந்தன. கை மடியை விட்டு எழும்பியது. அதை இடக்கையால் பற்றினாள், நிற்கவில்லை. தொடைக்கடியில் செருகி, உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல் விழும்படி உட்கார்ந்தாள். உள்ளே பேனா கீழே விழும் ஓசை கேட்டது, பின்னர் விம்மல். அடியிலிருந்த கை, பிடிபட்ட மீன்போலத் துள்ளியது. அவள் அசையவில்லை.

பெரியவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"முதல் வரியிலயே சிவப்பும்மா. புள்ள தேம்பித் தேம்பி அழுவுது. உள்ள வாங்க."

"நாலு வரியும் முடியட்டும்ணே" என்றாள் அவள். வியர்வை அவள் முகவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "மத்த புள்ளைங்களையும் ஒவ்வொண்ணாத் திரும்பக் கூப்பிடணும். நான் இந்தப் பக்கமே வரல. கதவச் சாத்துங்க."