அக்கரைச் சிப்பாய்

தான் செய்து பார்க்காத எதையும் அழகிரி கதையில் எழுத மாட்டார். அந்தப் பிடிவாதத்தால்தான் 1958ஆம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா மண்டபத்துக்கு மேற்கே, முழங்கால் அளவு காவிரித் தண்ணீரில் தலையில் மணல் மூட்டையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். கரையில் அவர் மனைவி வள்ளிக்கண்ணு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவர் நடக்கும் சத்தம் காதில் விழுந்ததும் அவள் கையைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவள் கையைத் தூக்கியபோது அவர் அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்.

"இவ்வளவு கிட்ட வந்த பிறகா கேட்டுச்சு?"

"அத்தனை பேர் குளிக்கிறாங்க. அதுல உங்க சத்தம் எதுன்னு நான் எப்படிங்க கண்டேன்?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து இன்னொரு தரம் நடந்தார்.

லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. யுத்தத்தில் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா வரை போனவர். பாலம் கட்டுவதும், படகில் சிப்பாய்களை அக்கரை சேர்ப்பதும் அந்தப் பட்டாளத்தின் வேலை. திரும்பி வந்தபின் மராமத்து இலாகாவில் உத்தியோகம், ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. இப்போது திருச்சி வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார்.

கதை இருநூறு வருஷத்துக்கு முந்தையது. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டிருக்க, இங்கிலீஷ்காரர்கள் திருச்சிக் கோட்டையில் இருந்த காலம். கோட்டையிலிருந்து நாலு சிப்பாய்கள் காவிரியைக் கடந்து, தீவில் இருக்கும் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்தப் போகிறார்கள். கரையில் பிரெஞ்சுப் பட்டாளத்துக் காவல்காரன் ஒருவன், அவனும் தமிழன்தான், குடித்துவிட்டுத் தூங்குகிறான். நடந்து பார்த்து எழுதிய அத்தியாயம் அங்கே நின்றது.

அது அச்சான வாரமே ஒருவர் சைக்கிளில் வீடு தேடி வந்தார். புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பதாகவும், பெயர் மதுரைவீரன் என்றும் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஆத்தைத் தாண்டுறதை நல்லா எழுதியிருக்கீங்க. தாண்டினவர்னு தெரியுது. ஆனா அந்தக் காவக்காரன் தப்புங்க. அவன் தூங்க மாட்டான்."

"குடிச்சிருக்கானே."

"குடிச்சிருந்தாலும். எதிராளி எப்ப வருவான்னு ஆத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்குத் தூக்கம் எங்கேருந்து வரும்?"

"நீங்க எங்க காவல் இருந்தீங்க?"

"ஐராவதிக் கரையில. மலேயாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தேன். நேதாஜியோட ஐ.என்.ஏ.வுல சேந்து பர்மாவுக்கு வந்தேன். நாப்பத்தஞ்சு மாசி மாசம்."

அந்த மாசியில் அழகிரியும் ஐராவதியில்தான் இருந்தார், எதிர்க்கரையிலிருந்து கிளம்பிய படகில். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பதின்மூன்று வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் கிடந்த கேள்விகள்தான் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"நாங்க எப்படித் தெரிஞ்சோம் உங்களுக்கு?"

மதுரைவீரன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்தப் பக்கமா?"

"சாப்பர். படகு என்னோடது."

"முதல்ல ஒண்ணும் தெரியல. பனி. அப்புறம் எஞ்சின் சத்தம். அதுவும் நடு ஆத்துல நின்னு போச்சு. யாரோ எஞ்சினைத் திட்டினான். தமிழ்ல, அம்மாவையெல்லாம் இழுத்து." அவர் லேசாகச் சிரித்தார். "எங்க ட்ரெஞ்சுல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்."

"அப்புறம்?"

"சுடச் சொன்னாங்க. சுட்டோம். யார் மேல பட்டுச்சுன்னு தெரியாது. உங்களுக்குப் பட்டுச்சா?"

"படகுல பட்டுச்சு. அன்னிக்கு நெறைய எஞ்சின் நின்னுச்சுங்க. திட்டாத ஆள் கிடையாது."

அழகிரி விடவில்லை. கரையில் என்ன சாப்பிட்டார்கள், துப்பாக்கியைத் தொட்டால் சில்லிட்டதா, பயம் வயிற்றில் தெரிந்ததா காலில் தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் மதுரைவீரன், "வாங்க, நீங்களே காவல் இருந்து பாத்துடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு இடம் மாற்றிக்கொண்டார்கள். அழகிரி நாணலுக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு கம்பை நீட்டிப் படுத்துக்கொண்டார். மதுரைவீரன் எதிர்ப்பக்கம் போய் மூட்டையோடு தண்ணீரில் இறங்கினார். வெயில் பட்டு ஆறு கண்ணைக் கூசவைத்தது. வருகிற ஆளுக்கு முகமே இல்லை. உருவம் கறுப்பாக, நிஜத்தைவிடப் பெரியதாகத் தெரிந்தது. யாரென்று தெரிந்தும் அழகிரிக்குத் தொண்டை வறண்டது. சீக்கிரம் வந்து தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. அப்போது நடு ஆற்றில் அந்த உருவம் நின்றுவிட்டது. நகரவே இல்லை. ஏன் நிற்கிறான்? எதைப் பார்த்துவிட்டான்? தன் படகு நடு ஆற்றில் நின்றுபோனபோதெல்லாம் அவருக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. கரையில் இருப்பவனுக்கு அது இப்படி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

மதுரைவீரன் கரையேறி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "எழுந்து நிக்கிறீங்க. அங்கேருந்தே தெரியுது."

அப்போதுதான் அழகிரி தான் நிற்பதையே கவனித்தார். "ஏன் நின்னீங்க?"

"கால்ல கிளிஞ்சல் குத்திடுச்சு."

அன்று எழுதிய அத்தியாயத்தில் காவல்காரன் தூங்கவில்லை. ஆற்றுக்குள்ளிருந்து யாரோ தமிழில் முணுமுணுப்பது கேட்டு, தன்னை அறியாமல் நாணலைவிட்டு எழுந்து நிற்கிறான். நாலு பேரும் அவனைப் பார்த்துவிடுகிறார்கள்.

பத்திரிகை ஆசிரியர் பிச்சமுத்துவுக்கு முகம் கடுத்தது. "தூங்குறவனைத் தீர்த்துட்டு உள்ள போறதாத்தானே பேச்சு? விளம்பரம்கூடப் போட்டாச்சு."

"அவன் தூங்கலீங்க."

பிச்சமுத்து மறுபடி ஒரு முறை படித்தார். "சுடுவானா?" என்று கேட்டார்.

"ஆர்டர் வந்தா சுடுவான்."

"இவன் இறந்தா எனக்குக் கஷ்டமா இருக்கும்போல இருக்கே" என்றார் பிச்சமுத்து, அது தன் தப்பு மாதிரி. அத்தியாயம் அப்படியே அச்சாயிற்று. மதுரைவீரன் அதைப் படித்துவிட்டு, தாகத்தைப் பற்றி எழுதவில்லை என்று மட்டும் சொன்னார்.

தொடர்கதை ஆடியில் முடிந்தது. மதுரைவீரன் வருவது நிற்கவில்லை. ஒரு நாள் மாலை இருவரும் கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஐராவதியை வரைந்துகொண்டிருந்தார்கள். கரையில் இருந்த புத்தர் கோபுரங்கள் ஆற்று வளைவுக்கு மேலே என்றார் ஒருவர். கீழே என்றார் மற்றவர். வள்ளிக்கண்ணு காப்பி கொண்டுவந்து இரண்டு டம்ளரையும் கோடுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"அது ஆத்துக்குள்ள இருக்கு" என்றார் அழகிரி.

"ஆறிடும், எடுத்துக் குடிங்க" என்று சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல நீங்க எந்தக் கரைங்க?" என்று மதுரைவீரனைக் கேட்டாள்.