காலி ஞாயிறுகள்

சுகுமாறனின் இணையத்தளத்தைத் திறந்தால் முதலில் நாதஸ்வரம் அலறும். பிறகு ஒரு பிள்ளையார் மெதுவாகச் சுற்றுவார். அவர் சுற்றி முடித்ததும் ‘தங்கள் வரவு நல்வரவாகுக’ என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக விழும். அதற்கப்புறம்தான் படங்கள், மொத்தம் முப்பத்தாறு. அத்தனையையும் பார்க்கப் பொறுமையுள்ள ஆள் கிள்ளான் ஊரிலேயே ஒருவன்தான் இருந்தான். அது சுகுமாறன்.

பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். தொழில் தெரிந்தவன்தான். ஆனாலும் வரும் தை மாதத்துக்கு ஒரு கல்யாணம்கூட அவனுக்கு அமையவில்லை. வாடகைக் கடை தொடர்ந்து வேண்டுமா வேண்டாமா என்று மாதக் கடைசிக்குள் சொல்லும்படி கட்டடக்காரர் கேட்டுவிட்டார். வேண்டாமென்றால் ஷா ஆலமில் மைத்துனனின் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை காத்திருந்தது. வாரம் ஒரு தரம் மைத்துனன் அதைக் கரிசனமாக நினைவூட்டுவான். அந்தக் கரிசனம்தான் சுகுமாறனுக்கு ஆகாது.

அவன் கூப்பிட்டதன் பேரில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இந்துஜா வந்தாள். இணையத்தளம் செய்வது அவள் தொழில். முகத்துக்கு நேரே பேசுவது அவள் பழக்கம். நாதஸ்வரத்தை நாலு விநாடி கேட்டுவிட்டு அணைத்தாள்.

“அண்ணே, ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துகிட்டு ஒருத்தி இதத் திறந்தா அவ வேலை போயிரும்லா.”

பிறகு அவனுடைய வாட்சாப்பைக் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் படித்தாள். அந்த வருடம் விசாரித்தவர்கள் எல்லாரும் முதல் வரியில் ஒன்றைத்தான் கேட்டிருந்தார்கள்: இன்ன தேதி காலியா? வேறென்ன கேட்பார்கள்? முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்தான் சொந்தபந்தம் வேலைக்கு லீவு போடாமல் வரும். அப்படிப்பட்ட நாள்கள் வருடத்தில் கொஞ்சம்தான். மண்டபம், ஐயர், மேளம், படக்காரர் எல்லாவற்றுக்கும் அதே நாளில்தான் அடிதடி. சுகுமாறனோ முதலில் வணக்கம் சொல்லி, கடையின் வரலாற்றை அனுப்பி, தேதி காலியா என்பதற்கு மறுநாள்தான் பதில் சொல்லியிருந்தான். அதற்குள் அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள்.

முகப்பில் மூன்றே மூன்று போதும் என்றாள் இந்துஜா. ஒரு படம். அதன் கீழே அந்த வருடத்து ஞாயிற்று முகூர்த்தங்கள், காலியானது பச்சையில், நிரம்பியது சிவப்பில். கடைசியாகத் தொலைபேசி எண்.

எந்தப் படம் என்பதில் சண்டை வந்தது. மணப்பெண் கண்ணை அகல விரித்துப் பார்க்கும் படத்தை அவன் நீட்டினான். அது எல்லார் கடையிலும் இருக்கிறது என்று தள்ளிவிட்டு, அவன் எங்கோ புதைத்து வைத்திருந்த ஒன்றை அவள் இழுத்துப் போட்டாள். தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் மாப்பிள்ளையின் அக்கா. பெண்ணின் பிடரி, ஒதுக்கிப் பிடித்த ஜடை, அக்காவின் விரல்கள், நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கும் அவள் முகம். பெண்ணின் முகமே தெரியவில்லையே என்றான். தெரியவேண்டாம் என்றாள்.

படத்தில் அவன் விட்டுக்கொடுத்தான். தேதியில் முடியவில்லை. தையில் நாலு ஞாயிறு, நாலும் பச்சை.

“ரெண்டு மூணுல சிவப்பு அடிச்சிருலா. ஈ ஓட்டுற கடையில எவன் சாப்பிடுவான்?”

நடக்காத கல்யாணத்தைத் தன்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். நிறம் மாற்றும் விதத்தை அவனுக்கே காட்டிக் கொடுத்தாள். இனி அது அவன் வேலை. பிறகு ரயிலேறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தான். புதன்கிழமை டீக்கடையில் தே தாரேக்குக் காத்திருந்த நேரத்தில் கட்டைவிரலால் மூன்று தேதிகளைச் சிவப்பாக்கினான். இணையப் பக்கத்துக்கு ஒரு கௌரவம் வந்த மாதிரி இருந்தது.

வியாழன் மதியம் சுங்கை பூலோவிலிருந்து ரமணி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். தையில் தம்பிக்குக் கல்யாணமாம். அந்தப் படத்தைப் பார்த்தாளாம்.

“மூணாவது முடிச்சு நான்தான் போடணும் அண்ணே. மூத்த தம்பிக்கும் நான்தான் போட்டேன். ஆல்பத்துல என் முழங்கை மட்டும் இருக்கு.”

சுகுமாறன் சிரித்தான். அவள் தேதியைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

“உங்களுக்குத்தான் அன்னிக்கு ஃபுல்லா இருக்கே. இந்த முடிச்ச உங்கள மாதிரி எடுக்கிற வேற ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே.”

அந்தக் கல்யாணம் காலையில்தான் நின்றுபோனது என்ற பொய் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் எந்த மண்டபம், யார் வீடு என்று கேட்கிற ஜாதியாக இருந்தது அந்தக் குரல். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னும் நாலு பொய் வேண்டும். தவிர, பதினோரு வருடத்தில் அவனை ஒரு குறிப்பிட்ட படத்துக்காகத் தேடி வந்தவள் இவள் ஒருத்திதான்.

“அன்னிக்கு ஃப்ரீதான்மா. யாரும் புக் பண்ணல. நானாதான் சிவப்பு அடிச்சேன்.”

“எதுக்கு?”

“காலியா இருந்தா கேவலமா இருக்கும்னு.”

“மத்த ரெண்டும்?”

“அதுவும் அப்படித்தான்.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

“படமாச்சும் நீங்க எடுத்ததுதானா?”

இதற்குப் பதில் சொல்ல அவனுக்குத் தயக்கமே வரவில்லை. தன் தொழிலைப் பற்றி வாயால் பேசியே பழகாதவன் பேசினான்.

“முதல் முடிச்சுக்கு எல்லாரும் அட்சதை போடுவாங்க. அது எல்லா படத்துலயும் இருக்கும். நான் அப்பவே இடது பக்கம் முட்டி போட்டுருவேன். போன் தூக்கிட்டு நிக்கிற மாமாக்களையெல்லாம் முன்னாடியே உக்கார வச்சிருவேன். மாப்பிள்ளை கை விலகும், அக்கா கை வரும். ரெண்டு செகண்ட்தான். அத நான் விட்டதே இல்லம்மா.”

ரமணி முடிவு செய்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, அம்மா பார்க்கணும். எங்க தேதி சிவப்பாவே இருக்கட்டும். மத்த ரெண்டையும் பச்சையாக்கிருங்க. சித்தி மகளுக்கும் தையிலதான் பார்க்கிறாங்க.”

போனை வைத்ததும் இரண்டையும் பச்சையாக்கினான். மூன்று பச்சை, ஒரு சிவப்பு. பக்கம் வெறிச்சென்றுதான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

இந்துஜாவைக் கூப்பிட்டுச் சொன்னான். அவன் சிவப்பு அடித்தது புதன்கிழமையே தெரியும் என்றாள். இணையப் பக்கத்தில் எதை மாற்றினாலும் அவளுக்குத் தகவல் போகுமாம். பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உங்க கடைண்ணே,” என்றாள்.

சுகுமாறன் ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே கட்டடக்காரரைக் கூப்பிட்டு, கடை வேண்டும், ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள் என்றான். ஷா ஆலமுக்குப் போன் செய்யவில்லை. வாரம் பிறந்தால் மைத்துனனே கூப்பிடுவான்.