கொழும்பில் கடைசிச் சரணம்

1

எல்லைப் போராட்டத்தைப் பற்றி வீரகாவியம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வீரர்கள் யாரும் அகப்படவில்லை. அகப்பட்டது, கொழும்புக்கு உல்லாசப் பயணம் போயிருந்த பாறசாலைக் கிறிஸ்தவ சபைப் பாட்டுக்குழு.

முதல் தொடக்கம்: 1953. எல்லை கொதித்துக்கொண்டிருந்த அந்த

(அடித்துவிட்டேன். குழு இருந்தது கொழும்பில். அங்கே கொதித்தது வெயில்.)

இரண்டாவது: ஊருக்குக் கப்பலேற மூன்று நாள் இருக்கும்போது, பின்வரிசைப் புஷ்பபாய்க்கு ஆயுளில் முதல் தனிப்பாட்டு கிடைத்தது. வழக்கமாகப் பாடும் லீலாபாய் ஐஸ் தின்று தொண்டை கட்டிக் கிடந்தாள்.

இது இருக்கட்டும்.

2

குழுத்தலைவர் ராஜையா, நம் தாலூக்கு மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குபவர்.* பிரிவுபசார விழாவில் எங்கள் தமிழ்ப் பாட்டைக் கேளுங்கள், கேட்டபின் ஆதரவுத் தீர்மானம் போடுங்கள் என்று கொழும்புத் தமிழன்பர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், பாறசாலைச் சபையில் ஒரே ராகத்தில் தமிழும் மலையாளமும் ஒன்றாய் ஒலிக்கும். கையில் எந்தப் புத்தகம் வருகிறதோ அந்த மொழி. யாரும் அதைக் கவனித்ததே இல்லை. புஷ்பபாயின் கையில் எப்போதும் வந்தது மலையாளப் புத்தகம்.

"மக்கா, நீ வாய மட்டும் அசை," என்றார் ராஜையா. "தமிழ்ப் புத்தகக்காரி ஆனந்தபாய் பின்னால நின்னு பாடுவா."

"வாய அசைக்கவா அண்ணா, கப்பல் நெடுக சத்தி எடுத்து வந்தேன்?"

"மலையாளத்துல ஒரு வரி வந்தா நம்ம தாலூக்கு போச்சாக்கும்!"

"தாலூக்கு எங்க போவும்? நாம திரும்பிப் போவும்போ அங்கதான் கெடக்கும். நான் தமிழ்லயே பாடுவேன். பாத்துக்கிடுங்க."

மூன்று நாளும் குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்தாள். மற்றவர்கள் யானை பார்க்கப் போனார்கள்.

* 'தமிழ்த்தாய்' என்றால் அவர் வலது கை தானாக உயரும். கப்பலில் உயர்ந்தபோது தொப்பி கடலில் போயிற்று.

3

விழா. முதல் சரணத்தைப் புஷ்பபாய் ஒரு சொல் பிசகாமல் தமிழில் பாடினாள். பல்லவிக்குக் குழு சேர்ந்துகொண்டது. ராஜையா உருகிப்போய்க் கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு, எல்லாரையும்விடப் பலமாக, மலையாளத்தில் பாடினார். தலைவர் போன வழியில் குழுவும் போயிற்று.

(இங்கே எனக்கே ராஜையா மேல் சந்தேகம். கதைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இரண்டு முறை அவரைத் திருத்தி எழுதினேன். கண்ணை மூடியதும் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார்.)

முன்வரிசையில் தமிழன்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

4

மிச்சம் கடைசிச் சரணம். அது அவள் ஒருத்திக்கு.

முடிவு அ: தமிழில் பாடுகிறாள். தலைவரின் மானம் சபையில் கிழிகிறது. ஊரில் அவளுக்கு இனிப் பின்வரிசையும் இல்லை.

முடிவு ஆ: மலையாளத்தில் பாடுகிறாள். பாட்டு ஒட்டிக்கொள்கிறது. தாலூக்கைத் தொலைத்தவள் என்ற பெயரும்.

முடிவு இ: கொழும்பு எழுந்து நின்று, இரு மொழிகளும் ஒரு தாயின்

(வேண்டாம். இதை ராஜையாவே எழுதியிருப்பார்.)

புஷ்பபாய் மூச்சை இழுத்தாயிற்று. முதல் சொல்லை நீங்கள் கொடுங்கள். ஆற அமர யோசிக்க நேரமில்லை; மூச்சு அவ்வளவுதான் தாங்கும்.